வேலிக்கு அந்தப்புறம் ஓர் ஆள்

பழைய பாம்பன் பாலத்தில் காற்றளக்கும் கருவி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது. ரயில் கரையிலேயே நின்றுவிடும். ராமேஸ்வரம் போகிறவர்கள் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு, எப்போது தணியும் எப்போது தணியும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அதே நேரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம், தங்கச்சிமடத்து மல்லிகைத் தோட்டங்களைச் சுற்றி நிற்கும் பனையோலை வேலிகள் அதே காற்றை வாங்கிச் சலசலத்துக்கொண்டிருக்கும். இரும்பும் எஞ்சினும் ஒதுங்கி நிற்கிற காற்றில், நாரால் கட்டிய காய்ந்த ஓலை எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

தாக்குப்பிடிப்பதில்லை என்பதுதான் விடை. ஓலைவேலி காற்றைத் தடுக்கப் பார்ப்பதில்லை. பாதியை விட்டுவிடுகிறது. ஓலையின் மடிப்புகளுக்கு நடுவே காற்று கசிகிறது, ஓலை அசைகிறது, அசைவில் காற்றின் விசை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. சுவர் கட்டினால் கதை வேறு. சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று, சுவரை ஒட்டியிருக்கும் செடியின் தலைமேலேயே விழும். காற்றுத் தடுப்பு பற்றி எழுதிய வேளாண் அறிஞர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள்: தடுப்பின் பரப்பில் 40 முதல் 50 விழுக்காடு திறந்திருந்தால் நல்லது; அப்படியானால் வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்குத் தொலைவுக்காவது உள்ளே காற்று அடங்கியிருக்கும். ஆறடி வேலிக்கு அறுபதடி. மல்லிகைப் பாத்திக்கு அது போதும்.

இதை யாரும் தங்கச்சிமடத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தோட்டத்தைச் சுற்றி மட்டைகளை இடைவெளி விட்டு நட்டு, கீழ்ப்பாதிக்கு மட்டும் ஓலை வைத்து, மேல்பாதியைத் திறந்து விடுவார்கள். வீட்டுப்பக்கம் வரும்போதுதான் ஓலை நெருங்கும், உயரும். காற்றுக்கு ஒரு வேலி, கண்ணுக்கு ஒரு வேலி. மல்லிகைக்கு உப்புக்காற்று ஆகாது. இந்தத் தீவின் மணலில் வேர்விடும் மல்லிகை நாற்றுகள் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேருகின்றன, மாநிலத்துக்கு வெளியேயும் போகின்றன. மதுரைச் சந்தையில் பூ வாங்குகிறவர் அந்தச் செடியின் பிள்ளைப்பருவத்தை ஓர் ஓலைத்தட்டி காத்தது என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். நினைக்க வேண்டியதுமில்லை.

வேலிக்கான ஓலை மரத்திலிருந்து இறங்குவதற்கும் ஒரு காலம் உண்டு. சாயல்குடி, நரிப்பையூர், உச்சிப்புளி, மண்டபம் என்று பனை நிற்கிற பகுதிகளில் பதநீருக்காகப் பனையேறத் தொடங்குமுன் மரத்தின் தலையைச் சுத்தம் செய்வார்கள். பாளைக்கு இடைஞ்சலாக இருக்கும் முதிர்ந்த மட்டைகளைக் கழிப்பார்கள். தை, மாசியில் அப்படி விழுகிறதுதான் வேலிக்கு ஏற்ற ஓலை. காவோலையாக மரத்திலேயே காய்ந்து தொங்கியது உதவாது, தொட்டாலே நொறுங்கும். குருத்தோலை பெட்டி முடையவும் பாய் முடையவும் போய்விடும். ஏடெழுதியதும் அந்த இளம் பக்கத்து ஓலையில்தான். முற்றியது கூரைக்கும் வேலிக்கும். ஒரே மரத்தில் இலக்கியத்துக்கு ஒன்று, ஆட்டுக்கு மறைப்பாக ஒன்று என்று பங்கு பிரிந்திருந்தது.

வெட்டிய ஓலை விசிறிபோல் விரிந்திருக்கும். அதை அப்படியே கட்ட முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமாக அடுக்கி, ஏறி மிதித்து, மேலே கல்லைத் தூக்கி வைத்துவிடுவார்கள். சில நாளில் தட்டையாகப் படிந்துவிடும். இந்த ஓலை மிதிக்கிற வேலை பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கால் கிழிந்தால் ஏச்சும் உண்டு. மட்டையைத் தனியே வெட்டி எடுத்துக்கொள்வார்கள். இரு ஓரமும் அரம்போல் பல்லிருக்கும் கருக்குமட்டை ஆட்டையும் மாட்டையும் யோசிக்க வைக்கும். அதே மட்டையை ஊறவைத்து, அடித்து, உரித்தால் நார். ஆக ஒரு மரத்திலிருந்தே திரை, கால், கயிறு மூன்றும் இறங்கிவிடுகின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை, அந்த உழைப்பைத் தவிர.

கட்டுகிற விதத்தில்தான் சூட்சுமம். ஓலையை நேராகக் கம்பத்தில் கட்டுவதில்லை. இந்தப் பக்கம் கிடையாக ஒரு வரிச்சல், அந்தப் பக்கம் ஒரு வரிச்சல், நடுவில் ஓலை. இரண்டு வரிச்சல்களையும் நாரால் இறுக்கும்போது ஓலை முழுநீளத்துக்கும் அழுத்தப்பட்டு நிற்கிறது. எந்த ஒற்றைப் புள்ளியிலும் பாரம் ஏறுவதில்லை. கீழ்வரிசையை முதலில் வைத்து மேல்வரிசையை அதன்மேல் கவிய விடுவார்கள், மழைநீர் வழிந்து போவதற்கு. பக்கவாட்டில் ஓர் ஓலை அடுத்த ஓலைமேல் எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்பதைக் வைகாசியில் கிளம்பும் கச்சான் காற்று வரும் திசையை வைத்து முடிவுசெய்வார்கள். ஓரம் காற்றைப் பார்த்து இருந்தால் ஒரே இரவில் பிரித்துப் போட்டுவிடும். அடிப்பகுதி மண்ணில் படக்கூடாது. பட்டால் கறையான்.

நார் இரண்டு வரிச்சல்களையும் சுற்றி வர வேண்டுமானால் ஓலையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வர வேண்டும். அதற்குக் கூராக்கிய ஒரு குச்சி, முனையில் ஒரு காது. யாழ்ப்பாணத்தில் அதைக் குத்தூசி என்பார்கள். இந்தப் பக்கம் இருப்பவர் ஊசியைக் குத்துவார். அந்தப் பக்கம் இருப்பவர் வந்த நாரை இழுத்து, வரிச்சலைச் சுற்றி, ஊசிக்காதில் கோத்துத் திருப்பி அனுப்புவார். இருவருக்கும் நடுவில் ஓலை. முகம் தெரியாது, கை தெரியாது. பேச்சால்தான் வேலை நடக்கும்.

“ஊசி வருது, பாத்துக்கங்க மதினி.”

“வந்துருச்சு. கையக் குத்திராதீக.”

“இழுத்தாச்சா?”

“இன்னுங் கொஞ்சம் விடுங்க. ம். போதும்.”

இப்படி நாள் முழுக்க. ஒருவரை ஒருவர் மறைத்துக்கொள்வதற்கான ஒன்றை இருவரும் சேர்ந்து, ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிக் கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டோடு மனத்தாங்கல் என்றால் அந்த வருடம் வேலி தொய்ந்தே கிடக்கும். அல்லது கூலிக்கு ஓர் ஆளை அந்தப்புறம் நிறுத்த வேண்டும், அவரும் அடுத்த வீட்டு மண்ணில்தான் நிற்க வேண்டும், அதற்கும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஓலைவேலியின் ஆயுள் இரண்டு, மூன்று வருடம். அதற்குமேல் எந்தப் பகையையும் நீட்டிக்க வேலி இடம் கொடுத்ததில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படிச் சொன்னால் பொய்.

வேலிச்சண்டை என்று ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் ஓலைக்கும் கிடுகுக்கும் துணையாகக் கதியால் நடுவார்கள்: கிளுவை, பூவரசு, முள்முருக்கு. நட்ட தடி தளிர்த்து மரமாகும், குழை ஆட்டுக்குப் போகும். வருடாவருடம் வேலியடைப்பு. பழைய கதியால் பட்டுப்போனால் புதியதை நடுகிற சாக்கில் ஓரங்குலம் தள்ளி நடுகிறவர் உண்டு. வேலியை அரக்குவது என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அப்படி அரக்கிய அங்குலங்களுக்காகக் கோர்ட்டுக்கு நடந்து, சர்ச்சைக்குரிய நிலத்தின் விலையைப்போல் பல மடங்கை வக்கீலுக்குக் கொடுத்த குடும்பங்கள் அங்கே ஊருக்கு நாலு தேறும். நம் பக்கமும் சளைத்ததில்லை. 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்துக் கல் காட்டிவிட்டுப் போன மறுநாளே கல் நடந்துவிடுகிறது.

அதே யாழ்ப்பாண வேலியில்தான் பொட்டும் இருந்தது. ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஓலையை ஒதுக்கிவிட்ட சந்து. உப்பு, நெருப்பு, கறி, பிள்ளை எல்லாம் அதன் வழியே போய்வரும். வாசல் படலையைத் திறந்து ஒழுங்கைத் தெருவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வருவது அந்நியர் வழி. சண்டை வந்தால் முதலில் அடைபடுவது பொட்டு. சமாதானம் ஆனால் யாரும் சொல்லாமலே ஒரு காலையில் ஓலை விலகியிருக்கும். ராமநாதபுரத்துக் கரையில் இதற்குத் தனிப்பெயர் எனக்குத் தட்டுப்படவில்லை, ஆனால் சந்து உண்டு. கான்கிரீட் சுவரில் அப்படி ஒரு காலையில் எதுவும் விலகாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மட்டை கழித்துக் கொடுத்தவரும் ஓலை சுமந்தவரும் வேலி கட்டியவரும் பெரும்பாலும் அந்த வேலிக்குள் உட்கார்ந்து ஒருவாய் சாப்பிட முடியாதவர்களாக இருந்தார்கள். பனையேறும் தொழிலோடு தொடர்புபடுத்தப்பட்ட நாடார்கள் 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தபோது ராமநாதபுரம் சேதுபதி அவர்கள்மேல் வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது; 1908-இல் அங்கேயும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. பனைக்கும் அதில் ஏறியவருக்கும் இந்தச் சீமை கொடுத்த மரியாதை அவ்வளவுதான். ஓலைவேலியின் மென்மையைப் பற்றி எழுதுகிறவர்கள் (நானும்தான்) கமுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஓலையில் கட்டியதால் மட்டும் ஒரு வேலி நல்ல வேலி ஆகிவிடாது.

பெண்களுக்கு அது வேறு ஒன்றாக இருந்தது. குளியலறை, கழிப்பறை என்று எதுவுமில்லாத வீடுகளில் கொல்லைப்புறத்து ஓலைத்தட்டிதான் எல்லாமும். கிணற்றடியில் மூன்று பக்கம் தட்டி, நாலாவது பக்கம் ஒரு பழஞ்சேலை. காற்றுக்காலத்தில் தட்டி சாய்ந்துவிட்டால், அதைத் தூக்கி நிறுத்துகிறவரைக்கும் அந்த வீட்டுப் பெண்கள் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். ஓலையின் கசிவு காற்றுக்கு நல்லது, கண்ணுக்கு? சிமெண்டுச் சுவர் வந்தபோது முதலில் மகிழ்ந்தவர்கள் இவர்கள்தான். அந்த மகிழ்ச்சியைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. தமிழக அரசு 2010-இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டத்தை அறிவித்தது; 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடுகளாக்குவது இலக்கு. கூரையிலிருந்து ஓலை இறங்கியதும் வேலியிலிருந்தும் இறங்கத் தொடங்கிவிட்டது. கூரைக்கென்று மட்டை வெட்டுகிற வழக்கம் நின்றால் வேலிக்கென்று மட்டும் யார் ஏறுவார்?

சரி, சுவர். இந்தக் கரையில் சுவருக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. செங்கல்லுக்குக் களிமண் இல்லை, உடைக்க மலை இல்லை. கடலுக்குள் இருந்தது பவளப்பாறை. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகளாகப் பவளப்பாறையை உடைத்து எடுத்து வந்து சுவர் வைத்தார்கள், சுண்ணாம்பு நீற்றினார்கள், தொழிற்சாலைக்கு விற்றார்கள். தனுஷ்கோடியில் கூரையில்லாமல் நிற்கும் தேவாலயத்தின் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்; கல்லுக்குள் பூப்பூவாகப் பவளத்தின் கூடுகள் தெரியும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் அந்த ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. சுவர் மிச்சமிருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதில் பூமரிச்சான், விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது நீருக்கு மேல் இல்லை. சுற்றியிருந்த பாறையை வெட்டி எடுத்ததால் அலை நேராக வந்து மண்ணைக் கரைத்துவிட்டது என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம். பவளப்பாறையும் ஒரு வேலிதான். அதுவும் அலையை முழுக்க நிறுத்துவதில்லை, இடுக்குகளில் விட்டு, உடைத்து, களைக்கச் செய்து அனுப்புகிறது. தீவின் வேலியைப் பெயர்த்து வீட்டுக்கு வேலி வைத்தோம். 2001-இல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன, வெட்டுவது நின்றது. போன தீவுகள் போனவைதான். பனையிலிருந்து இறக்கிய ஓலைக்கோ, அடுத்த வருடமே மரம் புது மட்டை விட்டுவிடும்.

சுவருக்கும் ஓலைக்கும் நடுவே வந்தது கம்பிவேலி. கல்தூண் நட்டு முள்கம்பி இழுப்பது, வசதியிருந்தால் செயின்லிங்க். நிலம் வாங்கியவுடன் செய்கிற முதல் வேலை இதுதான். ராமேஸ்வரம் தீவில் மனைவிலை ஏறியபின் வெறும் மணல்மேட்டைச் சுற்றிக்கூடக் கம்பி நிற்கிறது. கம்பிவேலி உரிமையைக் காட்டும், மறைப்பைத் தராது, காற்றைக் கண்டுகொள்ளாது. அதனால் கொஞ்ச நாளில் வீட்டுக்காரருக்கு அதன்மேல் ஏதாவது போர்த்தத் தோன்றுகிறது. பச்சை நிழல்வலை, சுருளாக வரும் மூங்கில் பாய், தோப்பிலிருந்து வந்த தென்னங்கிடுகு, அரிதாகப் பனையோலை. கடற்கரை விடுதிகளில் இப்போது ஓலைத்தட்டிக்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. ஏழை வீட்டுக் கொல்லையில் வெட்கப்பட்டுக் கொண்டிருந்த தட்டி விடுதி வரவேற்பறைக்கு வெளியே ‘இயற்கை அழகு’ ஆகியிருக்கிறது. எனக்கு இதில் கேலி ஒன்றுமில்லை. யாராவது காசு கொடுத்து வாங்கினால் சரி.

கட்டுகிற விதம்தான் வருத்தம். பிளாஸ்டிக் டேக்கை எடுத்து ஓலையைத் துளைத்துக் கம்பியோடு சேர்த்து இழுத்துவிடுகிறார்கள். நாலு இடத்தில் நாலு டேக். ஒரே ஆள், ஒரே பக்கம் நின்று, அரை மணியில் வேலை முடிந்தது. வைகாசியில் காற்று கிளம்பியதும் முழு ஓலையின் பாரமும் அந்த நாலு புள்ளிகளில் ஏறுகிறது. அந்த இடத்தில் ஓலை கீறி, டேக் மட்டும் கம்பியில் மிஞ்சுகிறது. வெள்ளை நிற டேக்காக இருந்தால் அதுவும் மிஞ்சாது. இந்த ஊர் வெயிலில் ஓராண்டுக்குள் அப்பளம்போல் முறியும். கறுப்பு கொஞ்சம் தாங்கும். கட்டுக்கம்பி என்றால் ஒரு மழைக்காலத்தில் துரு. கடல் அரிப்பில் பாம்பன் பாலம் பட்ட பாடு தெரிந்தவர்கள் கம்பியை நம்பமாட்டார்கள். மீன்பிடி இறங்குதளத்தில் சும்மா கிடைக்கிற பழைய வலையின் நைலான் இழை வலுவானது. ஆனால் மெல்லியது, ஓலையை அறுக்கும். ஓலை மக்கிப்போன பிறகும் தான் மக்காமல் காற்றில் பறந்து கடலுக்கே திரும்பும், ஆமையின் கழுத்துக்கு.

பழைய முறையைக் கம்பிவேலியிலும் செய்யலாம். ஒன்றும் பெரிய வித்தையில்லை. கம்பியை ஒரு பக்கத்து வரிச்சலாக நினைத்துக்கொண்டு, ஓலைக்கு வெளியே மூங்கில் பிளாச்சோ மட்டைப்பிளவோ கிடையாக வைத்து, நாரையோ தென்னங்கயிற்றையோ இரண்டையும் சுற்றிக் கொண்டுவந்து கட்ட வேண்டும். நாரை முந்தின இரவு தண்ணீரில் போட்டு ஈரத்தோடு கட்டினால் காய்கையில் இறுகிக்கொள்ளும். ஆறடி உயரத்துக்கு மூன்று வரிசைப் பிளாச்சு. கம்பியின் கூரான முனைகள் ஓலையில் உரசாமல் மடக்கிவிட வேண்டும். செயின்லிங்க் கம்பத்தின் பலத்தையும் பார்க்க வேண்டும். வெறும் கம்பி வலையில் காற்று புகுந்து போய்விடும், ஓலை போர்த்தியபின் அது பாய்மரம். பலவீனமான தூண்கள் ஓலையோடு சேர்ந்து படுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மேலே ஓரடி ஒன்றரையடியைத் திறந்து விடச் சொல்கிறார்கள், ஓலையையும் இறுக நெருக்காமல். தனியாளாகவும் கட்டலாம், ஒவ்வொரு முடிச்சுக்கும் சுற்றிவந்து சுற்றிவந்து கால் ஓயும். அந்தப்புறம் ஒருவர் இருந்தால் பாதி நேரம்.

மறைப்பு என்பதை மூடுதல் என்று நாம் எப்போதிருந்து நினைக்கத் தொடங்கினோம் என்று யோசிக்கிறேன். ஓலைத்தட்டிக்குப் பின்னால் ஒருவர் நடமாடுவது தெரியும், யார் என்று தெரியாது. பேச்சு கேட்கும், சொல் பிரியாது. என்ன குழம்பு என்பது மட்டும் தெருவுக்கே தெரிந்துவிடும். உள்ளே அழுகுரல் எழுந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடும் என்பது அடிக்கக் கை ஓங்கியவருக்கும் தெரியும். எட்டடிச் சுவருக்குள் அந்தப் பயமில்லை. காற்றைப் பாதி விடுகிற வேலி வாழ்க்கையையும் பாதி விட்டது. முழுக்க மூடினால் சுழல் எங்கே விழும் என்பதைத் தோட்டக்காரர்கள் அறிவார்கள்.

மணல்தேசங்கள் எல்லாவற்றுக்கும் இந்த அறிவு ஏதோ ஒரு வடிவில் இருந்திருக்கிறது. ஜோத்பூரில் 1952-இல் பாலைவனக் காடுவளர்ப்பு நிலையமாகத் தொடங்கி 1959-இல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமாக மாறிய அமைப்பு, ராஜஸ்தானின் ஓடும் மணல்மேடுகளை நிறுத்தக் கையாண்டது உள்ளூர்ப் புதர்க்குச்சிகளைத்தான்: காற்றுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக நட்ட குட்டைத் தடுப்புகள், அவற்றின் நிழலில் கன்றுகள். சீனாவின் ஷாபோதோவில் 1958-இல் முடிந்த பாவ்தோ–லான்ஜோ ரயில்பாதையை மணல் விழுங்காமல் காப்பாற்றியவை, கோதுமை வைக்கோலை ஒரு மீட்டர் சதுரங்களாக மணலில் சொருகிய கட்டங்கள். தரைக்கு மேல் ஒரு சாண்கூட நிற்காத வைக்கோல் ரயிலைக் காத்தது. தனுஷ்கோடியில் புயலுக்குப் பிறகு மனிதர் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்த மண்ணில் இன்றும் ஓலைக்குடில் போட்டு வாழும் மீனவக் குடும்பங்களும் இதைத்தான் செய்கிறார்கள். வேலியடியில் மணல் ஏறும். ஏறிய மணலை அள்ளிக் கொட்டாமல், அதன்மேலேயே அடுத்த தட்டி. அரிச்சல்முனைக்கு 2017-இல் தார்ச்சாலை வந்தது. சாலையின்மேலும் மணல் ஏறுகிறது, அதை எந்திரம் கொண்டு தள்ளுகிறார்கள்.

முள்வேலியை இங்கே மறந்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். குடைபோல் தலைவிரித்து நிற்கும் உடைமரம் இந்தக் கரைக்கே உரியது; அதன் முள்ளை வெட்டிப்போட்டு வேலி அடைத்தவர்கள் நம் முன்னோர். பிறகு சீமைக்கருவேலம் வந்தது. வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று விதைத்தது வேலியைத் தாண்டிக் கண்மாய்க்குள் இறங்கி ராமநாதபுரம் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டது. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லிக் கடுமை காட்டியது, சில மாதத்தில் அந்த வேகமும் அடங்கியது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் ஏராளம் இருப்பதால் வெட்டு என்பதும் விடு என்பதும் அத்தனை எளிதாகச் சொல்லிவிடக் கூடியதல்ல. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பனைக்கு வருவோம். 1978 முதல் அது தமிழகத்தின் மாநில மரம். மாநில மரமான பிறகும் செங்கல் சூளைக்கு வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. 2021-இல் வேளாண்மைக்கென்று முதன்முதலாகத் தனி நிதிநிலை அறிக்கை வந்தபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. 76 லட்சம் பனைவிதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் கொடுக்கும் திட்டமும் வந்தது. இன்று போட்ட விதை ஏறத்தக்க மரமாக நிற்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அன்றைக்கு ஏற ஆள் வேண்டும். மரம் எத்தனை என்று கணக்கெடுக்கிறவர்கள் ஏறத் தெரிந்தவர் எத்தனை பேர் என்றும் கணக்கெடுக்கலாம். சாயல்குடிப் பக்கம் மட்டைக்குச் சொல்லப்போனால் இப்போது கேட்கிற பதில் ஓலையின் விலையைப் பற்றியதல்ல. ஏறுகிறவர் வயதைப் பற்றியது. ஐம்பதைத் தாண்டியவர்களே அதிகம். பிள்ளைகள் திருப்பூரில், வளைகுடா நாடுகளில். போகட்டும், அந்த மரத்தில் விழுந்து முதுகு முறிந்தவர்களை அந்தப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். ஓலைவேலி மறுபடி வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள் ஏறுவதற்கு ஏற்ற கூலியைக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். விடுதி வாசலில் ஒரு மூங்கில்பாய்ச் சுருளுக்குக் கேள்வி கேட்காமல் எண்ணிக் கொடுக்கும் கைகள் பனையேறியிடம் மட்டைக்குப் பேரம் பேசுகின்றன. இது எனக்கு விளங்கியதே இல்லை.

கம்பிவேலிக்கு ஓலை கட்ட எண்ணமிருப்பவர்கள் தை பிறந்ததும் மட்டைக்குச் சொல்லி வைத்துவிடுங்கள், முன்பணமும் கொடுத்துவிடுங்கள். பங்குனியில் பாளை சீவத் தொடங்கிவிட்டால் பனையேறி உங்களுக்குக் கிடைக்கமாட்டார். வைகாசி பிறந்துவிட்டால் ஆள் கிடைத்தாலும் காற்று கட்டவிடாது.